நின்ற காலத்தின் கணக்கு

கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவுக்குக் கொடி ஏற இன்னும் இரண்டு மூன்று கிழமை இருக்கும்போதே எங்கள் பக்கத்து முற்றங்களில் வான்கள் உறக்கம் கலைந்துவிடும். ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஊர்களில் எந்த ஒழுங்கையால் போனாலும் ஒரு வானின் வயிற்றுக்குள் தலையைக் கொடுத்துப் படுத்திருக்கும் யாரோ ஒருவரின் இரண்டு கால்கள் தெரியும். பின் ஆசனங்கள் கழற்றித் திண்ணையில் ஏற்றப்பட்டிருக்கும். அவை இருந்த இடத்தில் பலகை, பலகைக்கு மேல் பாய், பலகைக்குக் கீழே அரிசி மூடையும் கிடாரமும் அடுப்பும், வயது போனவர்களுக்கு ஒரு மூலை, கைக்குழந்தைக்கு ஏணை கட்டக் கூரைக் கம்பியில் ஒரு கயிறு. மேல்நாட்டார் இப்படியொரு வண்டிக்கு ‘மோட்டோர்ஹோம்’ என்று பெயர் வைத்து, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கிறார்கள். நாங்கள் பெயர் வைக்கவில்லை, வான் என்றே சொன்னோம். ஆனால் நாலைந்து நாள் அதற்குள்ளேயே சமைத்து உண்டு உறங்கி ஈரத்துணி காயப்போட்ட ஒரு வண்டிக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? அந்த ஆயத்தங்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்க்கிறபோது ஒரு விஷயம் உறைக்கிறது. நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் ஓடப்போகிற தூரத்துக்கான ஆயத்தம். வானைக் கெடுத்து வைத்திருந்ததோ அது நின்றிருந்த காலம். பழைய வண்டியை நெடும்பயணத்துக்கு ஆயத்தம் செய்வதென்றால், வாவிக் கரையைப் பொறுத்தவரை, முதலில் அந்த நின்ற காலத்தின் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இது வான் வந்த பிறகு முளைத்த ஞானமில்லை. கூடாரம் போட்ட மாட்டுக் கரத்தையில் குடும்பம் குடும்பமாய் யாத்திரை போன காலத்தில் இதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். கரத்தைச் சில்லு மரத்தாலானது. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகி, வெளியே இரும்புப் பட்டம் இறுக்கியிருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் கரத்தை வயலிலும் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி ஏறுவதால் மரத்தில் ஈரம் நிற்கும், பொருத்துகள் இறுகியிருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் மாதக்கணக்கில் கொட்டிலுக்குள் நின்ற கரத்தையின் மரம் சுருங்கும், ஆரக்கால் ஆடும், பட்டம் கழன்று விழவும் பார்க்கும். ஆகவே பயணத்துக்கு முன் சில்லைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். மரம் பருத்துப் பட்டத்தை மறுபடி கவ்விக்கொண்டது. எத்தனை கட்டை ஓடியது என்று யாரும் கரத்தையைக் கேட்கவில்லை, எவ்வளவு நாள் நின்றது என்றுதான் கேட்டார்கள். இயந்திர வண்டி வந்ததும் முகப்பில் ஒரு மீற்றரும் வந்தது. அது ஓடிய தூரத்தை மட்டும் எண்ணியது. நாமும் அது எண்ணியதையே வண்டியின் வயது என்று நம்பத் தொடங்கினோம். மீற்றரைத் திருப்பி வைத்து விற்கிற வித்தையும் இந்த நம்பிக்கையின் மேல்தான் பிழைக்கிறது. நின்ற காலத்தைத் திருப்பி வைக்க எந்த வித்தைக்காரனாலும் முடியாது. அது றப்பரில் வெடிப்பாகவும் தகரத்தில் துருவாகவும் எழுதப்பட்டிருக்கும்.

எழுவான்கரையில் நிற்கும் வண்டிக்கு இரண்டு பக்கமும் உப்பு. கிழக்கே கடல், மேற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் உவர் கலந்த வாவி, நடுவே சில இடங்களில் ஒரு கூப்பிடு தூரமே அகலமான மணல். காற்று எந்தத் திசையில் மாறினாலும் ஈரமும் உப்பும் சேர்ந்துதான் வரும். ஓடுகிற வண்டியில் இஞ்சின் சூடு ஈரத்தை விரட்டுகிறது, மழை நீர் உப்பைக் கழுவுகிறது, சில்லின் சுழற்சி கிறீஸைப் பரப்புகிறது. நிற்கிற வண்டியில் இவை ஒன்றும் நடப்பதில்லை. உப்புப் படிகம் இரவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தகரத்தின் மடிப்புக்குள் உட்கார்ந்துவிடும். கூரையின் தண்ணீர் வாய்க்கால், படிக்கட்டின் உள்மடிப்பு, பின் வில்லுப்பட்டைகள் உடலோடு சேரும் கொக்கி, தரைக்குக் கீழே ஓடும் பிறேக் குழாய் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களாகப் பார்த்துத் துரு குடியேறும். இதைத் தடுக்கவென்று அடித்தட்டைக் கழுவிவிட்டுப் பழைய ஒயிலை விசிறி அடிக்கும் வழக்கம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. தகரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் றப்பருக்கு ஒயில் ஆகாது. வில்லுப்பட்டையின் றப்பர் புஷ் ஒயிலில் ஊறி ஊதிப் பஞ்சாகிவிடும். ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றைக் கொன்ற கதை. உவர்க் கிணற்று நீரை ரேடியேற்றரில் ஊற்றுவதும் அப்படித்தான்: செலவில்லாத தண்ணீர், ஆனால் அதிலுள்ள உப்பு மெல்லிய குழாய்களை அரிக்கும், சுண்ணாம்பு அவற்றை அடைக்கும். சமதரையில் ஓடும்வரை அது யாருக்கும் தெரியாது.

இந்த வட்டாரத்து வண்டிகளுக்கு நின்ற காலம் என்பது தற்செயலாய் வந்ததுமில்லை. போர்க்காலம் முழுவதும் வண்டி வைத்திருந்தவர்கள் அதை ஓட்டியதைவிட நிறுத்தி வைத்ததே கூட. பாதை மூடினால் நிற்கும், எரிபொருள் கிடைக்காவிட்டால் நிற்கும், ஊரே இடம்பெயர்ந்தால் மாட்டுக் கொட்டிலுக்குள் ஓலை மூடி நிற்கும். உண்மையான உதிரிப்பாகம் வராத நாட்களில் வேறொரு வண்டியின் பாகத்தை அராவி, வெட்டி, ஒட்டிப் பொருத்தினார்கள். அந்தக் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2007 இல் கிழக்கில் சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்தபோது அந்த ஒட்டுகளோடுதான் வண்டிகள் வெளியே வந்தன. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் கொவிட் முடக்கம். 2022 நடுப்பகுதியில் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கான வரிசை, பிறகு கியூஆர் அட்டையில் அளந்த வாராந்தப் பங்கு. அந்த அளவை வைத்துக்கொண்டு யாரும் கதிர்காமம் போகவில்லை, வான் முருங்கை மரத்தடியில் நின்றது. ஊரில் ‘டொல்பின்’ என்று பெயர் எடுத்த டொயோட்டா ஹையேஸ் 1989 முதல் 2004 வரை உற்பத்தியானது. ஆக இன்று ஓடும் மிக இளைய டொல்பினுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. அந்த இருபதில் அது ஓடியது எத்தனை ஆண்டு, நின்றது எத்தனை ஆண்டு என்று எழுதி வைத்தவர் எவருமில்லை.

இவ்விடத்தில் கராஜ் வாசலில் வழக்கமாகக் கேட்கும் மறுப்பு ஒன்றுண்டு: “டொல்பின் இஞ்சின் சாகாது.” முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த வான்களில் பல ஏந்தியிருக்கும் 3எல் டீசல் இஞ்சின், ரேபோ இல்லாத, மின்னணுக் கட்டுப்பாடு அற்ற, எந்தச் சந்தியிலும் பிரித்துப் பார்க்கக்கூடிய எளிய இயந்திரம். அதன் இரும்பு உழைக்கும். ஆனால் அந்த இரும்பை ஒழுங்கில் வைத்திருப்பது ஒரு பல் வைத்த றப்பர்ப் பட்டி. ரைமிங் பெல்ற் என்று சொல்லப்படும் அது ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். அதை நினைவூட்ட முகப்பிலேயே ஒரு விளக்கும் வைத்திருக்கிறார்கள். கிலோமீற்றரைப் பார்த்து எரிகிற விளக்கு அது. மீற்றர் திருப்பப்பட்டிருந்தால், விளக்கே கழற்றப்பட்டிருந்தால், அல்லது வண்டி ஓடாமல் பன்னிரண்டு வருடம் வெயிலில் காய்ந்திருந்தால் அந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது. பட்டி அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் முட்டிக்கொள்ளும், ‘சாகாத’ இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சாவது இரும்பில்லை, அதைப் பிடித்திருக்கும் றப்பர். ஆகையால் எப்போது மாற்றியது என்று உறுதியாகத் தெரியாத பெல்ற்றை, மீற்றர் என்ன சொன்னாலும், மாற்றிவிட வேண்டும். நினைவில் உள்ள ஆயத்தங்களில் இஞ்சின் ஒயில் மாற்றாத வான் இல்லை. ஏயார் பில்டரைத் தட்டித் துடைக்காதவர் இல்லை. பெல்ற்றின் வயதைக் கேட்டவர் அரிது.

டயரின் கதையும் இதுவே. பூ இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள். இருந்தால் டயர் நல்லது. கொஞ்சமாய் ஓடும் வானில் பூ தேயவே தேயாது, ஆகவே டயர் என்றைக்கும் நல்லதாகவே தோன்றும். ஆனால் டயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. 2314 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் வார்த்தது. பெரிய டயர் உற்பத்தியாளர்களே பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயரை, பூ எவ்வளவு இருந்தாலும், கழற்றச் சொல்கிறார்கள். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் றப்பரின் மீள்தன்மையைக் கொல்கின்றன, உள்ளே இழைகளுக்கும் றப்பருக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சுமையோடு நிற்கும் டயரின் அடிப்பக்கம் தட்டையாகவும் பழகிவிடும். பொத்துவிலைத் தாண்டிச் சியம்பலாண்டுவ நோக்கி நண்பகல் வெயிலில், முழுச் சுமையோடு, காற்றுக் குறைந்த பழைய டயர் வெடிப்பதற்கு விதியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாலு இலக்கம் முற்றத்திலேயே அதைச் சொல்லிவிட்டது.

பிறேக்கைப் பற்றி நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நிலத்தின் குணம் இங்கேதான் ஏமாற்றுகிறது. மட்டக்களப்பு தட்டை. கல்லடிப் பாலத்தின் ஏற்றம்தான் பல வான்கள் ஆண்டு முழுவதும் காணும் உச்சி. இந்தத் தரையில் பிறேக் என்பது மாட்டுக்கும் சைக்கிளுக்கும் மிதிக்கிற ஒன்று. ஆனால் இங்கிருந்து நெடும்பயணம் என்று புறப்படுகிறவர்களில் பலர் போகும்போது பதுளை வழியாக மலைநாடு பார்த்து, வரும்போது பொத்துவில் கரையோரமாகத் திரும்புவது வழக்கம். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை தாண்டி ஏறத் தொடங்கும் பாதை பதுளைக்குப் போய், பண்டாரவளைப் பக்கம் சுற்றி, எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும். எல்ல சுமார் 1000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வெல்லவாய அடிவாரத்தில். முப்பது கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 800 மீற்றர் இறக்கம். பாயும் கிடாரமும் பத்துப் பேருமாய் 3 தொன் எடையுள்ள வான் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்குப் பண்ணிப் பார்த்தால், கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரில் சுமார் 80 லீற்றரைக் கொதிக்க வைக்க அது போதும். சிறிய கியரில் இறங்கினால் அதில் ஒரு பெரும்பங்கை இஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். கியரை மாற்றாமல் பெடலிலேயே காலை வைத்து இறங்கினால் அவ்வளவும் நாலு சில்லுக்குள் இறங்கும்.

அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது பிறேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மூடியின் துவாரம் வழியாகவும் றப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் கூட இழுத்துக்கொள்ளும். பழைய வான்களில் ஊற்றும் டொட் 3 ரக ஒயில் போத்தலைத் திறந்த அன்று குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்கு அளவுகூட இல்லாத நீர் கலந்துவிட்டால் அதற்கு விதித்த தாங்கும் எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். திரவத்தை நெரித்தால் அழுத்தம் சில்லுக்குப் போகும், ஆவியை நெரித்தால் ஆவிதான் சுருங்கும், பெடல் தரையில் போய் உட்காரும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பிறேக் மறுபடி பிடிக்கும் என்பதால் ஊருக்கு வந்து கராஜ் பாஸிடம் சொன்னாலும் அவருக்குக் குறை ஒன்றும் அகப்படாது. வாவிக் கரையின் ஈரக் காற்றில் ஐந்து வருடம் நின்ற வானின் பிறேக் ஒயில் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை, தேநீர் நிறத்தில் இருப்பதே போதும். கொஞ்சம் குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்புவதுதான் நினைவிலுள்ள வழக்கம். அது பழைய ஈரத்தின் மேல் புதியதை ஊற்றுவது. முழுவதையும் வடித்து மாற்றி, ஒவ்வொரு சில்லிலும் காற்றெடுத்து, சில்லுக்குள்ளிருக்கும் றப்பர்க் கப்புகளையும் ஹோஸ்களையும் புதிதாக்குவது அரைநாள் வேலை.

ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது: இவ்வளவு யோசிப்பதற்குப் பதிலாக ஓட்டிப் பார்த்தால் போதாதா? நின்றதால் கெட்டது ஓடினால் தெரியும்தானே. இதில் பாதிக்கு மேல் உடன்படுகிறேன். வாவியே அதற்கொரு நல்ல வட்டத்தைத் தந்திருக்கிறது: கல்லடியிலிருந்து தெற்கே களுவாஞ்சிகுடி, பட்டிருப்புப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குக் கடந்து வெல்லாவெளிப் பக்கம் போய், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வலையிறவுப் பாலத்தால் திரும்ப நகரம். நல்ல தாரும் மோசமான கிறவலும் கலந்து வரும். ஏதாவது நடந்தால் எந்த இடத்திலிருந்தும் வீட்டுக்கு ஒருவரைச் சைக்கிளில் அனுப்பலாம். முழுச் சுமையோடு, பாயும் கிடாரமும் ஏற்றி, இரண்டு மூன்று முறை இந்த வட்டம் வந்தால் ஒழுகுவது ஒழுகும், ஆடுவது சத்தம் போடும், பற்றரி நடிப்பது வெளிக்கும். ஆனால் இந்த வட்டத்தில் ஒரு மலையும் இல்லை. அடைத்த ரேடியேற்றரும் கொதிக்கத் தயாராயிருக்கும் பிறேக் ஒயிலும் இங்கே தேர்வில் சித்தியடைந்துவிடும். சமதரை வெள்ளோட்டம் நம்பிக்கையைத் தருவதுதான் அதன் ஆபத்து. ஆகவே ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியதை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினாலும் தெரியாததை நாள் பார்த்து மாற்ற வேண்டும். மழைக்காலம் கழிந்து புறப்படுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாரியில் தாம்போதிக்கு மேல் வெள்ளம் பாயும்போது, ஓடிச் சூடேறிய டிவரன்சல் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி மூச்சுத் துவாரத்தால் நீரை இழுக்கும். அடிநட்டைத் தளர்த்திப் பார்த்தால் ஒயில் பால் கலந்த கோப்பிபோல வரும். ஓட்டத்தில் ஒரு சத்தமும் காட்டாது, பற்கள் தேய்ந்து முடிந்த பிறகுதான் ஊளையிடும்.

இன்னொரு ஆட்சேபம், எங்கள் ஊர்களின் பெருமையிலிருந்து வருவது. எந்தச் சந்தியிலும் ஒரு பாஸ் இருப்பார், எந்த வண்டியையும் ஏதாவது செய்து ஓடவைப்பார். முன்கூட்டியே இவ்வளவு செலவழிப்பது பணத்திமிர் என்பது. போரின்போது இல்லாமையிலிருந்து வண்டி ஓட்டியவர்களின் வாயிலிருந்து இது வந்தால் மரியாதையோடு கேட்கத்தான் வேண்டும். சைக்கிள் ரியூப்பை வெட்டி வாசர் செய்தவர்கள், சவர்க்காரம் தேய்த்து எரிபொருள் தாங்கியின் ஓட்டையை அடைத்தவர்கள் உலகத்தின் எந்தக் கராஜுக்கும் இளைத்தவர்களில்லை. ஆனாலும் அவசரத்துக்குச் செய்த ஒட்டு அவசரம் போன பிறகு கழற்றப்படுவதில்லை. ஓடுகிறதே என்று விடப்படும், வண்டி கைமாறும்போது அந்த ஒட்டின் நினைவு விற்றவரோடு போய்விடும். இப்போது வாங்கியவருக்கு அது கொம்பனி வைத்த பாகம்போலத் தெரியும். மேலும், பாஸ் இருக்கும் சந்திகளில் வண்டி நிற்பதற்கு எந்த விதியும் இல்லை. மொனராகலையைத் தாண்டிப் புத்தலையிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் காட்டுப் பாதையில் யானைகள் வாகனங்களை மறித்துத் தின்னக் கேட்டு நிற்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இருட்டில், குழந்தைகளோடு, பழமும் சோறும் மணக்கும் வானில், பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு பாஸ் வரும்வரை காத்திருக்கும் இடமில்லை அது. பாஸின் திறமையைப் பயன்படுத்தச் சரியான இடம் அவருடைய கராஜ், சரியான காலம் புறப்படுவதற்கு இரண்டு கிழமை முன்.

சுமை பற்றி எங்களுக்கு ஒரு காலத்தில் நல்ல ஒழுக்கம் இருந்தது, அது வந்த வழிதான் கசப்பானது. சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, மூடையை இறக்கி, அவிழ்த்துக் காட்டி, நடந்து கடந்து, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. பத்து முறை இறக்கி ஏற்ற வேண்டிய பொருளை யாரும் வீணாக எடுத்துப் போவதில்லை. எது எங்கே இருக்கிறது என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பாதைகள் திறந்தபோது அந்த அவமானம் போனது நல்லது. கூடவே அந்தச் சிக்கனமும் போய்விட்டது. இப்போது கூரையில் தண்ணீர் பரல் ஏறுகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்ற கணக்கில், 200 லீற்றர் பரல் என்பது கூரைக்கு மேல் மூன்று ஆட்கள் உட்கார்ந்திருப்பது. வளைவில் அது வண்டியைச் சரிக்கும், இறக்கத்தில் பிறேக்கின் பங்கை ஏற்றும். ஆசனங்களைக் கழற்றியதால் பின்னால் இருப்பவர்களையும் கிடாரத்தையும் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. திடீரென்று பிறேக் பிடித்தால் கிடாரம் ஓட்டுகிறவரின் பிடரிக்கு வரும். மண்ணெண்ணெய் அடுப்பு போய் எரிவாயுச் சிலிண்டர் ஏறியிருப்பதும் யோசிக்க வேண்டியது. 2021 இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் நடந்த எரிவாயு வெடிப்புகளுக்குப் பிறகு வீட்டுக் குசினியில் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கப் பழகியவர்கள், அதே சிலிண்டரைக் கண்ணாடி ஏற்றிய வானுக்குள் தலைமாட்டில் வைத்து உறங்குகிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பலகைக்குக் கீழே குளம்போலத் தேங்கும். ஜன்னலைத் திறந்து வைப்பதால் மட்டும் அது வெளியேறாது, தரைமட்டத்தில் துவாரம் வேண்டும். சிலிண்டரை வெளியே இறக்கி, சமைத்து முடித்து, வாயை மூடிப் பின் கதவோடு நிமிர்த்திக் கட்டி வைப்பதற்கு ஒரு முழக் கயிறு போதும்.

இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது என்பது கடைசி மறுப்பு. கடைசியில் சொல்லப்பட்டாலும் அதுதான் முதல் மறுப்பு. புது வான் என்பது எங்கள் பக்கத்துப் பெரும்பாலான குடும்பங்களுக்கு இனிக் கனவிலும் இல்லை. அறுகம்பையில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அழகான வண்டிகளின் நாள் வாடகையைக் கேட்டால் யாத்திரையே வேண்டாம் என்றாகிவிடும். ஆகவே பழைய வான்தான் என்று வைத்துக்கொண்டே பேசுவோம். ஆனால் அதே பழைய வானுக்குப் புறப்படுமுன் செலவாகிற காசு எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். டிங்கர் வேலை, அதன்மேல் பெயின்ட், புதுச் சீற் கவர், திரைச்சீலை, பாட்டுப் பெட்டி, முன் கண்ணாடியில் முருகன். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவற்றைத் தள்ளிப்போட முடியும். பெயின்ட் அடித்தால் துரு மறைகிறது, நிற்பதில்லை. டிங்கர் பூசும் பசைக்குக் கீழே அது இன்னும் வசதியாக வளரும். சீற் கவருக்குப் போகிற காசில் பிறேக் ஒயிலும் ஹோஸும் கப்பும் மாற்றலாம். டயர் பெரிய செலவு என்பது உண்மை. நாலையும் மாற்ற முடியாதவர் வயது மிகப் போனவற்றை முதலில் மாற்றலாம். அரசு இதில் வழிகாட்டும் என்று எதிர்பார்ப்பதிலும் பயனில்லை. சொந்தப் பாவனை வானுக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது கேட்கப்படுவது காப்புறுதியும் புகைச் சான்றிதழும். வண்டியின் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கிறார்கள், பெடலை மிதித்தால் அது நிற்குமா என்று கேட்பதில்லை. சான்றிதழ் கிடைத்த நிம்மதியில் நாமும் கேட்பதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், ஆயத்தம் தொடங்க வேண்டிய நாள் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை முன் வருகிற ஞாயிறு அல்ல. அது தீர்த்தம் முடிந்து வான் வீட்டுக்கு வந்து சேர்கிற நாளின் மறுநாள். அன்றைக்கே மலைப்பாதைச் சேறும் கடற்கரை மணலும் நல்ல தண்ணீரில் கழுவப்பட வேண்டும், கதவுகளைத் திறந்து பலகையையும் பாயையும் வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். எரிபொருள் தாங்கியைப் பாதியாக விட்டால் மேல் பாதியிலுள்ள ஈரக் காற்று இரவுதோறும் வியர்த்து டீசலுக்குள் நீராய் இறங்கும், ஆகையால் வசதிப்பட்டால் நிரப்பி வைப்பது. டயருக்குக் காற்று. பற்றரியின் ஒரு கம்பியைக் கழற்றுவது. கிழமைக்கு ஒருதரம் முற்றத்தில் நிறுத்தியபடியே பத்து நிமிடம் இஞ்சினை உறுமவிடுவது பலருடைய வழக்கம். அதனால் சில்லும் பிறேக்கும் கியரும் ஓரங்குலமும் அசைவதில்லை, புகைக்குழாய்க்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். அதைவிடப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பட்டிருப்புப் பாலம்வரை போய்த் திரும்பலாம். கம்பியை மாட்டி, தேங்காயோ நெல்லு மூடையோ ஏற்றிக்கொண்டு போனால் டீசல் காசுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். வந்து நிறுத்தியதும், பெல்ற் மாற்றிய திகதியையும் பிறேக் ஒயில் மாற்றிய திகதியையும் எழுதி வைத்திருக்கும் சாரதிக் கதவின் உட்புறத்தில், கிலோமீற்றருக்குப் பக்கத்தில் அன்றைய நாளையும் பென்சிலால் குறித்துவிட்டுக் கதவைச் சாத்தலாம்.